கல்யாணி குளித்த தண்ணீர்

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவரை விட்டுவிட்டாலும் எனக்குத் தூக்கம் வராது. நான். லாரி ஓட்டிய அந்தோணி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த வள்ளிக்கண்ணு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தொடக்கப்பள்ளியின் டீச்சர். அவருடைய பிள்ளைகள் முப்பத்தொரு பேர். மூன்று தடவை எண்ணினேன். கடைசியில் வந்து சேர்ந்த ஜேசிபிக்காரர். போனில் மட்டும் எங்கள் கால்நடை டாக்டரம்மா. லாரி மேல் இரும்புக் கூண்டுக்குள் கல்யாணி. கல்யாணி என்பது நீர்யானை. வயது ஆறு, எடை ஒரு டன்னுக்கு மேல்.

உயிரியல் பூங்காவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கூண்டு கழுவுவது, தீனி அளப்பது, தொட்டித் தண்ணீர் மாற்றுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குத் தெரிந்தது பயம் மட்டும்தான். அதைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன், சரி என்றார்கள்.

பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகு எழுந்து வந்து நாலாம் தரம் இழுத்துப் பார்த்ததும் உண்டு. கேலி செய்வார்கள். செய்யட்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் என் பூட்டு ஒன்றுகூடத் திறந்து கிடந்ததில்லை. ஆனால் பயம் எப்போதும் பூட்டையே இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்காது. சில சமயம் வண்டியின் ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொள்ளும். அந்தக் கதைதான் இது.

தெற்கே ஒரு பூங்காவிலிருந்து கல்யாணியை எங்கள் பூங்காவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். எங்களிடம் ஆண் ஒன்று தனியாக இருந்தது. இரவெல்லாம் ஓடி, வெயிலுக்கு முன்னே சேர்ந்துவிடுவது என்று திட்டம். டாக்டரம்மா ஜீப்பில் முன்னே போனார். விடியும் நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. திருச்சிக்கு முன்னால் டேங்கர் லாரி கவிழ்ந்து கிடக்கிறது, ஜீப் நடுவில் மாட்டிக்கொண்டது.

“அண்ணா, நீங்க எங்க இருக்கீங்களோ அங்கயே ஒரு மரத்தடியா பார்த்து நிறுத்திடுங்க. தொட்டித் தண்ணிய அளவா அடிங்க. வழி விட்டதும் சொல்றேன்” என்றார்.

சரிம்மா என்றேன். வண்டியையும் நிறுத்தினோம். கால் மணி நேரம்தான் நின்றிருப்போம். என் மனசு நிற்கவில்லை. வழி பத்து மணிக்கும் விடவில்லை என்றால்? பன்னிரண்டு மணி வெயிலில் நடுரோட்டில் நின்றால்? வண்டி ஓடினால் கூண்டுக்குள் காற்றாவது வரும், நின்றால் அதுவும் இல்லையே? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். கடைசியில் அந்தோணியிடம் சொன்னேன்: “புதுக்கோட்டை வழியா தஞ்சாவூருக்கு விடுப்பா. அங்கேருந்து நான் வழி சொல்றேன். என் சொந்த ஊர்ப் பக்கம், கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன்.”

டாக்டரம்மாவுக்கு நான் போன் செய்யவில்லை. செய்தால் வேண்டாம் என்பார் என்று தெரியும். இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் செய்தேன். விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே, எதற்கும் இருக்கட்டும் என்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கல்யாணி மேல் தண்ணீர் அடித்தேன். தஞ்சாவூர் தாண்டும்போது லாரியில் இருந்த பிளாஸ்டிக் தொட்டி காலி.

அன்று முகூர்த்த நாள். கும்பகோணம் ஊருக்குள் நுழைந்தால் வெளியே வர முடியாது. ஆகையால் நீடாமங்கலத்திலிருந்து வலங்கைமான் பக்கமாக உள்ளே புகுந்து, திருவிடைமருதூரில் போய் மெயின் ரோட்டில் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நான் சைக்கிள் ஓட்டின ரோடு அது. சைக்கிளுக்குப் போதுமான ரோடு பதினாறு சக்கர லாரிக்குப் போதாது என்பது என் கணக்கில் வரவில்லை.

ஒன்பதரை மணி இருக்கும். மேட்டூர் திறந்து பத்து நாளாகியும் அந்தப் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. அப்போதுதான் தூர்வாரி, அள்ளின சேற்றை ரோட்டோரமாகக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, நல்ல தரை மாதிரி தெரிந்தது. எதிரே ஒரு மினி பஸ் வந்தது. அந்தோணி இடது பக்கம் ஒதுக்கினான். மேலே இருந்த காய்ந்த ஓடு உடைந்தது. உள்ளே அத்தனையும் களி. இடது பக்கச் சக்கரங்கள் அச்சு வரைக்கும் இறங்கி, லாரி அப்படியே வயல் பக்கம் சாய்ந்து நின்றது.

உள்ளே கல்யாணி ஒரு முட்டு முட்டினாள். லாரி இன்னும் ஒரு சாண் சாய்ந்தது.

நான் இறங்கி ரோட்டில் நின்றேன். இடது பக்கம் ரோட்டை ஒட்டி, கீழே ஒரு நாற்றங்கால். முளை விட்டு விரற்கடை உயரம் வந்த நாற்று, வெடிப்பு விழ ஆரம்பித்த சேற்றில் நின்றுகொண்டிருந்தது. லாரி சாய்ந்தால் அதன் மேல்தான் விழும். கூண்டோடு விழுந்தால் கல்யாணி பிழைக்கமாட்டாள்.

டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் போன் செய்தேன். எங்கே இருக்கிறேன் என்று சொன்னேன். “திட்டறதுக்கு அப்புறம் நேரம் இருக்குண்ணா. இப்ப கேளுங்க. தோல் காயக் கூடாது. மேல வெயில் படக் கூடாது. அவ மிரளக் கூடாது. இது மூணும் பார்த்துக்கிட்டீங்கன்னா மத்தியானம் வரைக்கும் தாங்குவா. எதாவது ஒண்ணு போனாலும்...” என்றார்.

அந்தோணி, இரண்டு ஊர் தள்ளித் தூர்வாரிக்கொண்டிருந்த ஜேசிபிக்காரரைப் போனில் பிடித்தான். ஒரு மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார். மூன்றரை மணி நேரம்.

அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சத்தம்.

“டேய், யானைடா!”

“யானைக்கு தும்பிக்கை எங்கடா?”

“கூண்டுக்குள்ள மடக்கி வச்சிருக்கும்டா!”

முப்பத்தொரு பிள்ளைகளும் ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு கூச்சல். கல்யாணி திரும்ப முட்டினாள். நான் கையை ஓங்கிக்கொண்டு, “போங்க! ஓடுங்க எல்லாரும்!” என்று கத்தினேன். பிள்ளைகள் பத்தடி ஓடிச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவளை மிரட்டியது பிள்ளைகள் போட்ட சத்தம் பாதி, நான் போட்ட சத்தம் பாதி.

டீச்சர் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. “சார், தொரத்தினா திரும்ப வருவாங்க. அது அவங்களுக்கு விளையாட்டு. உட்கார வச்சு ஏதாவது சொல்லுங்க, வாயைப் பொத்திக்கிட்டு கேப்பாங்க” என்றார்.

“நான் ஏழாவதோட நின்னவன் டீச்சர்.”

“அதுங்க மூணாவதுதான் சார்.”

அது அப்படியே இருக்கட்டும், முதலில் தண்ணீர். நாற்றங்காலுக்கு அப்பால் ஐம்பதடியில் ஒரு மோட்டார் கொட்டகை தெரிந்தது. அதன் வாசலில் ஒரு அம்மா, தோளில் மண்வெட்டியும் இடுப்பில் சாவியுமாக நின்று லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளிக்கண்ணு. நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறவர். மோட்டார் அவருடையது இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருடையது. வாய்க்காலில் தண்ணீர் வரும் வரைக்கும் அந்த ஊரில் மணிக்கணக்குக்குத் தண்ணீர் வாங்கித்தான் நாற்று விடுகிறார்கள். மூன்று பேஸ் கரண்ட் பகலில் சில மணி நேரம்தான். அந்த நேரத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்திருக்கிறார்கள். அன்று பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வள்ளிக்கண்ணுவின் முறை. மணிக்கு நூற்றைம்பது, மூன்று மணி நேரத்துக்கு நானூற்றைம்பது, முன்பணமாகவே கட்டியிருந்தார். அடுத்த முறை நாலு நாள் கழித்து.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தானே. நாலு நாள் வெயில் தாங்காத நாற்று அது என்பதும் பார்த்தவுடன் தெரிந்தது. கேட்க நாக்கு வரவில்லை.

அவரே கேட்டார். “என்னாண்ணே அது, உள்ள?”

“நீர்யானைம்மா. தண்ணி இல்லன்னா தோல் வெடிச்சுச் செத்துப்போயிடும்.”

“எம்மாம் நேரம் வேணும்?”

“ஒரு மணி வரைக்கும்.”

அவர் நாற்றங்காலைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். “பொண்ணா, ஆணா?”

“பொண்ணு. கல்யாணின்னு பேரு. எங்க ஊர்ல மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்கான்.”

“பொண்ணழைப்புல வண்டிய சேத்துல எறக்கிட்டீங்களாக்கும். நல்ல சம்பந்தக்காரங்க!” என்றவர், கொட்டகைக்குள் போய் நீல நிற ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

மோட்டார் ஓடியது. ஓஸ் முனையைப் பிடித்துக்கொண்டு நான் லாரி மேல் ஏறினேன். பிள்ளைகள் வீடுகளிலிருந்து தென்னங்கீற்று இழுத்து வந்தார்கள். கூண்டின் மேல் அதைப் பரப்பினோம். தண்ணீர் பட்டதும் கல்யாணி காதை ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டு அசையாமல் நின்றாள். எனக்கு உயிர் வந்தது. ஐந்து நிமிஷம்தான்.

“அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!” கீழே அந்தோணி கத்தினான். “தண்ணி ஊத்த ஊத்த மண்ணு எளகுது. இன்னும் எறங்குது வண்டி!”

குனிந்து பார்த்தேன். கூண்டிலிருந்து வழிந்த தண்ணீரெல்லாம் சக்கரத்துக்கு அடியில்தான் போய் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்திருந்த மண்ணும் களியாகிக்கொண்டிருந்தது.

தம்பிகளே, தங்கைகளே, அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றினால் லாரி கவிழும். ஊற்றாவிட்டால் வெயில் அவளைக் கொன்றுவிடும். இரண்டுக்கும் நான்தான் காரணம். அந்த மாதிரி நேரத்தில் என் மாதிரி ஆளுக்கு என்ன நடக்கும் தெரியுமா? கை வேலை செய்யாது. வாய் மட்டும் “ஐயோ, ஐயோ” என்று சொல்லிக்கொண்டிருக்கும். நான் அதைத்தான் செய்தேன். ஓஸை வெளிப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ரோட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சியபடி நின்றேன்.

“என் காசுத் தண்ணிய ரோட்டுல விடறீங்களேண்ணே!” என்றார் வள்ளிக்கண்ணு. குரலில் நிஜமான கோபம். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு தரம் லாரியை, ஒரு தரம் நாற்றங்காலை. பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “ஏய், யார் யாரு வீட்டுல நெல்லு காயப்போடற தார்ப்பாய் இருக்கு? ஓடு, எடுத்தா” என்றார்.

பத்து நிமிஷத்தில் ஐந்து தார்ப்பாய் வந்தது. அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் பரப்பும் தார்ப்பாய். நாற்று விடுகிற மாதத்தில் எல்லார் வீட்டிலும் மடித்துப் பரண்மேல் கிடப்பது. அதைச் சக்கரத்துக்கு மேலே, லாரியின் பக்கப் பலகைக்குக் கீழே செருகி, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் சரிவாக விரித்து, கீழ் முனையை ரோட்டோரத்துக்கு அப்பால் இழுத்துக் கட்டச் சொன்னார். அவர் இறங்கி நாற்றங்கால் வரப்பில் தண்ணீர் நுழைய ஒரு வாய் வெட்டினார்.

“இப்ப ஊத்துங்க.”

ஊற்றினேன். கூண்டிலிருந்து வழிந்த தண்ணீர் தார்ப்பாயில் விழுந்து, சறுக்கி, ஒரு சொட்டு மண்ணில் இறங்காமல் நேராக அந்த வாய் வழியே நாற்றங்காலுக்குள் ஓடியது. அந்தோணி சக்கரத்தில் மண் மட்டத்துக்கு நேரே சாக்கட்டியால் கோடு போட்டு வைத்துப் பார்த்தான். கால் மணி நேரம் கழித்தும் கோடு மண்ணுக்குள் இறங்கவில்லை.

“எல்லாம் பள்ளம் பார்த்து விடறதுதாண்ணே” என்று சொல்லிவிட்டு, வள்ளிக்கண்ணு வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

நான் பயந்துகொண்டிருந்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வித்தியாசத்தை அதற்கப்புறம் வேலையில் இருந்த வருஷமெல்லாம் யோசித்திருக்கிறேன்.

பிறகு, பள்ளிக்கூடம். டீச்சர் பிள்ளைகளை ரோட்டின் அந்தப் பக்கம், புங்கமரத்து நிழலில் வரிசையாக உட்கார வைத்தார். அந்தோணி ஓஸைப் பிடித்துக்கொண்டான். நான் நடுவில் நின்றேன். என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் ஒருத்தி எழுந்து வீறிட்டாள்.

“தாத்தா! ரத்தம்! அதுக்கு ரத்தம் வருது!”

திரும்பினேன். கல்யாணியின் கழுத்திலும் முதுகிலும் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. டீச்சர்கூட வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“அது ரத்தமில்லம்மா” என்றேன். “நீர்யானைத் தோலுக்கு நம்மள மாதிரி வேர்வை கெடையாது. அதுக்குப் பதிலா இந்த மாதிரி செவப்பா ஒரு பசை சுரக்கும். வெயில் சுடாம இருக்க அது தனக்குத் தானே பூசிக்கற எண்ணெய். புண்ணு இருந்தாலும் சீக்கிரம் சீழ் புடிக்காது.”

“கல்யாணப் பொண்ணுல்ல, மருதாணி வச்சிருக்கு” என்றார் வள்ளிக்கண்ணு வரப்பிலிருந்து. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு நாக்கு தானாக ஓடியது. பிள்ளைகளுக்கு எருமை தெரியும், குளம் தெரியும். அதிலிருந்தே ஆரம்பித்தேன். எருமை மாதிரி பகலெல்லாம் தண்ணீரில் கிடக்கும், ஆனால் எருமை நீந்தும், இது நீந்தாது. அடியில் தரையில் கால் ஊன்றி நடந்து போகும். மூழ்கும்போது மூக்கையும் காதையும் மூடிக்கொள்ளும். குட்டி தண்ணீருக்கு உள்ளேயே பால் குடிக்கும். ராத்திரி கரையேறிப் புல் மேயும். புல் தின்கிற பிராணிதானே என்று கிட்டே போனால், குட்டியை வைத்திருக்கிற தாய் ஒரு படகையே கடித்து உடைத்துவிடும்.

“தாத்தா, அதும் பல்லு எம்மாம் பெருசு?”

“ஒன் முழங்கை நீளம். அந்தப் பல்லுதான் அதுக்கு எமன். யானைத் தந்தம் மாதிரி விக்கலாம்னு சுடறாங்க. கறிக்கும் சுடறாங்க.”

ஒரு பையன், “ஆத்துல இருந்தா அதுனால யாருக்கு என்னா லாபம்?” என்று கேட்டான். விவசாயி வீட்டுப் பிள்ளை, லாபம் கேட்கத்தானே செய்வான்.

அந்த நேரம் பார்த்துக் கல்யாணி பதில் சொன்னாள். வாலை விசிறி மாதிரி அடித்துக்கொண்டு சாணம் போட்டாள். நீர்யானை அப்படித்தான் போடும், நாலு பக்கமும் தெறிக்கும். கூண்டுக் கம்பி, தார்ப்பாய், ஓஸ் பிடித்திருந்த அந்தோணியின் சட்டை, ஒன்றும் மிச்சமில்லை. முப்பத்தொரு பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பதறிப்போனேன். ஆனால் அவள் மிரளவில்லை. சிரிப்புச் சத்தத்துக்குக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றாள். அந்தோணிதான் மிரண்டான்.

“பாருங்க, இதுதான் லாபம்” என்று தார்ப்பாயைக் காட்டினேன். சாணித் தண்ணீர் பச்சையாக வழிந்து நாற்றங்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. “இது ராத்திரி மேட்டுல மேயும், பகல்ல ஆத்துல வந்து சாணி போடும். கரையில உள்ள சத்தைத் தூக்கிட்டுப் போயி தண்ணிக்குக் கொடுக்கற வண்டி இது. அதைத் தின்னு பூச்சி வளரும், பூச்சியத் தின்னு மீன் வளரும், மீனைப் புடிச்சு அந்த ஊர்ல ஒன்னை மாதிரிப் புள்ளைங்க சோறு தின்னும். நீர்யானை போச்சுன்னா அந்த ஆத்து மீனுக்குச் சாப்பாடு பாதி போச்சு.”

வீறிட்ட அந்தப் பெண்ணின் பெயர் ஜனனி. அவள் கையைத் தூக்கினாள். “அப்ப இத ஆத்துலயே விட்டுடலாம்ல? ஏன் கூண்டு?”

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போது வேடிக்கை பேசி நழுவாதீர்கள். நான் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். “இவ பொறந்ததே பூங்காவுல. ஆத்துல கொண்டுபோயி விட்டா இவளுக்குப் பொழைக்கத் தெரியாது. அதோட, இவ சொந்தக்காரங்க இருக்கற ஆப்பிரிக்காவுலயே நெறைய எடத்துல ஆறு சுருங்கிப்போச்சு. மேல தடுத்துடறாங்க, வயலுக்குத் திருப்பிடறாங்க. தண்ணி கொறைஞ்சா இதுங்க எல்லாம் ஒரே குட்டையில நெருக்கிக்கிட்டு கெடந்து சாவும். இவளைப் பார்க்கறவங்க நாலு பேராவது, ஆறு இருக்கணும்னு நெனைக்கணும். அதுக்குத்தான் நாங்க வச்சிருக்கோம். கூண்டு நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

“மேல தடுக்கறவங்க கெட்டவங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். நாற்றங்காலில் வள்ளிக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். “இல்லம்மா. அவங்க நாத்தும் காயுதுல்ல” என்றேன்.

வள்ளிக்கண்ணு வெற்றிலையைத் துப்பிவிட்டு, தார்ப்பாயைக் கையால் காட்டிச் சொன்னார்: “ரெண்டு பேருக்கும் பாயற மாதிரி வெட்டத் தெரியணும். அதுக்கு மொதல்ல பக்கத்துல வந்து பாக்கணும். தூர நின்னு சண்ட போட்டா பள்ளம் தெரியாது.”

பெரிய பெரிய கூட்டங்களில் உட்கார்ந்து காட்டுயிர் பாதுகாப்புப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

பதினொன்றரைக்குக் கல்யாணிக்குப் பசி வந்துவிட்டது. கூண்டுக் கம்பியைப் பல்லால் உரச ஆரம்பித்தாள். லாரி ஆடியது. எங்களிடம் இருந்த தீனி விடியற்காலையிலேயே தீர்ந்திருந்தது. அதற்கும் காரணம் நான்தான், விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஓடிப்போய் வரப்புப் புல்லைக் கட்டுக் கட்டாக அறுத்து வந்தார்கள். முதல் கட்டு ஜனனியுடையது. வாங்கி முகர்ந்து பார்த்தேன். கல்யாணிக்கு எட்டுகிற தூரத்தில் புல், கூண்டை ஆட்டிக்கொண்டு அவள், பின்னால் முப்பத்தொரு பேர் “குடுங்க தாத்தா, குடுங்க தாத்தா” என்று. மனசு ஒப்பவில்லை. “எந்த வரப்பு?” என்றேன்.

“அந்தாண்ட, பருத்திக் கொல்லை வரப்பு.”

“மருந்தடிச்சாங்களா?”

தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். கட்டைத் தூக்கித் தூரப் போட்டேன். ஜனனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “ஒங்களுக்கு என்னைப் புடிக்கல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பயம் அன்றைக்குச் செய்த ஒரே நல்ல வேலை அது என்று இப்போதும் நினைக்கிறேன். பருத்தி மருந்து என்றால் சும்மா இல்லை. எந்த வரப்பில் மருந்து அடிக்கவில்லை என்று வள்ளிக்கண்ணு காட்டினார். ஜனனியே போய் அறுத்து வந்தாள். அவள் கையால்தான் முதல் பிடி கொடுக்கச் சொல்லியிருக்கலாம், கொடுக்க விடவில்லை. கம்பிக்கு அருகே பிள்ளையின் கை போகக் கூடாது. நீண்ட கழியில் கட்டிக் கொடுத்தேன். கழியின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். சமாதானம் ஆனது.

ஜேசிபி ஒன்றே காலுக்கு வந்தது. அது போடும் சத்தத்துக்கு மிரளப் போகிறாளே என்று பயந்தேன். ஆனால் வாயில் புல் இருந்ததால் அவள் நின்று மென்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளிடம், யாரும் கைதட்டக் கூடாது, லாரி ஏறினாலும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். சங்கிலி மாட்டி, பின்பக்கமாக மெல்ல மெல்ல இழுத்தார்கள். சக்கரம் களியை விட்டு மேலே வந்தபோது முப்பத்தொரு பிள்ளைகளும் இரண்டு கையையும் தூக்கிச் சத்தமே இல்லாமல் குதித்தார்கள். அந்த மாதிரி ஒரு கொண்டாட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

டாக்டரம்மா திருவிடைமருதூரில் எங்களை வந்து பிடித்தார். கல்யாணியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்துப்போய்ச் சொன்னார்: “பயந்தது தப்பில்லண்ணா. நீங்க பயப்படறதாலதான் உங்களை அனுப்பினேன். அந்தப் பயத்தை போன்ல எங்கிட்ட சொல்லியிருக்கணும். வண்டிகிட்ட சொல்லிட்டீங்க.” அவ்வளவுதான் திட்டு. இரண்டு வருஷம் கழித்துக் கல்யாணிக்குக் குட்டி பிறந்தபோது, தொட்டிக்கரையில் என் பக்கத்தில் நின்று அழுதவரும் அவர்தான்.

வள்ளிக்கண்ணுவின் நானூற்றைம்பதுக்கு ஆபீசில் வவுச்சர் எழுதிக் கொடுத்தேன். எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். நீர்யானைக் குளியல் என்று ஒரு தலைப்பு இல்லையாம். அந்தக் கடன், இழுத்துப் பார்க்காமல் வந்த பூட்டு மாதிரி என்னை அரித்தது. இருபது நாள் கழித்து, லீவு போட்டு, சொந்தப் பணத்தைக் கவரில் போட்டுக்கொண்டு அங்கே போனேன்.

நாற்றங்கால் காலி. பறித்து நட்டாகிவிட்டது. வயலில் நின்ற பயிர் அக்கம்பக்கத்து வயலைவிட ஒரு நிறம் கூடுதலாகக் கறுத்து நின்றது. கவரை நீட்டினேன். வள்ளிக்கண்ணு வாங்கவில்லை.

“என்னாத்துக்கு?”

“தண்ணிக் காசும்மா.”

“தண்ணி எங்க போச்சு? என் வயலுக்குத்தான போச்சு?”

“மூணு மணி நேரத்துல பாதிகூட ஒழுங்கா பாயலையே.”

“சரி, வச்சுக்குவோம். தண்ணி நானூத்தம்பது. அந்தச் சாணி? ஒரு வண்டி எரு அறநூறு விக்குது. ஊர்ல எல்லாரும் வந்து, என்னா ஒரம் போட்டே, என்னா ஒரம் போட்டேன்னு கேக்கறான். ஆப்பிரிக்கா எருன்னு சொல்லிட்டேன்.” கணக்கை விரலில் எண்ணினார். “நான்தாண்ணே ஒங்களுக்குத் தரணும். இந்த போகம் அறுத்துட்டுத் தரேன். அதும் கையில குடுக்க மாட்டேன், கல்யாணிக்குத்தான் குடுப்பேன்.”

அதற்கப்புறம் எத்தனையோ போகம் அறுத்தாகிவிட்டது. ஓய்வு பெற்று நான் வலங்கைமான் பக்கமே வந்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு தரமாவது அவர் வயலைத் தாண்டிப் போகிறேன். பார்க்கும்போதெல்லாம், “மறக்கலண்ணே” என்கிறார். நானும் கேட்பதில்லை. அந்தக் கவர் பிரிக்காமல் என் பெட்டியில் இருக்கிறது. நீங்கள் கல்யாணியின் தொட்டியைக் கழுவும்போது அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அவளுக்கு வலங்கைமான் பக்கத்திலிருந்து வரவேண்டிய பாக்கி இன்னும் நிற்கிறது: நூற்றைம்பது ரூபாய்.